ஃபேர்லேண்ட்ஸ் மாடியில் ரகசியம் காத்த நாட்கள்

அடுத்தவர் ரகசியத்தை அரசாங்கத்திடம் சொல்லிவிட்டு, "தயவுசெய்து இதை வேறு யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்று அதே அரசாங்கத்திடம் காரணம் காட்டிக் கெஞ்சுவதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. அதில்தான் என் வாழ்க்கையின் நல்ல வருடங்கள் போயின.

அரசாங்க இணையதளம் ஒன்றில் முக்கால்வாசி நிரப்பிய படிவம், 'நேரம் முடிந்துவிட்டது, மறுபடி உள்ளே வாருங்கள்' என்று கண்ணெதிரே மறைந்துபோவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சேலம், நாமக்கல் பக்கத்தில் ரசாயனம் தயாரிக்கிற சின்னச் சின்னக் கம்பெனிகள் நிறைய. போர்வெல் ரிக்குக்கு நுரைத் திரவம், கோழிப்பண்ணைக்குக் கிருமிநாசினி, நெசவு நூலுக்குக் கஞ்சி என்று ஆளுக்கொன்று செய்வார்கள். அதை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால், உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். சொன்னதில் எது ஊர் உலகத்துக்குத் தெரியக்கூடாதோ, அதை 'வணிக ரகசியம்' என்று குறித்து, ஏன் ரகசியம் என்று கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் எழுத வேண்டும். முழுப்பிரதி ஒன்று அதிகாரிகளுக்கு, மறைக்க வேண்டியதை மறைத்த பொதுப்பிரதி ஒன்று மற்றவர்களுக்கு.

இந்த வேலையைச் செய்துகொடுக்க நானும் கலைவாணியும் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அலுவலகம் போட்டோம். நான் சேலம் டவுன்காரி, அவள் புதுச்சத்திரம். வேதியியல் எம்.எஸ்சி.யில் ஒரே பெஞ்சு. இரண்டு மேசை, ஒரு சோபா, சுவரில் என் மாதாவும் அவளுடைய பிள்ளையாரும். அவ்வளவுதான் எங்கள் கம்பெனி.

மந்திரிப்பு

அலுவலகம் திறந்த அன்று எங்கள் பங்குச் சாமியாரை மந்திரிக்கக் கூப்பிட்டிருந்தேன். கலைவாணி வீட்டில் காலையிலேயே கணபதி ஹோமம் நடத்திவிட்டுப் போயிருந்தார்கள். அறை முழுக்கப் புகை. ஃபாதர் இருமிக்கொண்டே தீர்த்தம் தெளித்துவிட்டு, சோபாவில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார். "சரி, என்ன வேலை செய்யப் போறீங்க? உங்கம்மா சொன்னது எனக்கு ஒண்ணும் புரியலை" என்றார்.

நான் விளக்கினேன். கம்பெனிக்காரர்கள் வந்து வெளியில் சொல்லாததை எல்லாம் எங்களிடம் சொல்வார்கள், நாங்கள் உயிர்போனாலும் யாரிடமும் சொல்லமாட்டோம், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம் என்றேன். கலைவாணி இடையில் புகுந்து, "நீங்க பாவசங்கீர்த்தனம் கேக்கறீங்களே ஃபாதர், அது மாதிரிதானுங்க" என்றாள். சாமியாரிடம் பாவங்களை ரகசியமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்கான அந்த வார்த்தை, அவளுக்கு நான் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது. ஃபாதர் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "ஒரு வித்தியாசம் இருக்கும்மா. நாங்க கேட்டதை அங்கேயே மறந்துடறோம், நீங்க கேட்டதை அப்லோட் பண்றீங்க!"

குழம்பு, ஆனால் என்ன குழம்பு?

எங்களுடைய முதல் பெரிய வாடிக்கையாளர் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பொன்னுசாமி. ஒரு காலத்தில் ரிக் வண்டியோடு நாடு முழுக்கச் சுற்றி போர் போட்டவர். குழாய்க்குள்ளிருந்து மண்ணையும் கல்துகளையும் மேலே தள்ளிக்கொண்டு வர ஒரு நுரை வேண்டும். வெளியில் வாங்கிய நுரை வெயிலில் சீக்கிரம் அடங்கிவிடுகிறது என்று எரிச்சல்பட்டு, தானே ஒன்றைக் கலந்து பார்த்துத் தயாரிக்க ஆரம்பித்தவர். வரும்போதெல்லாம் மனைவி பாவாயியையும் கூட்டிக்கொண்டு வருவார். அந்த அம்மாள் சோபாவில் உட்கார்ந்து மல்லிகைப்பூ கட்டிக்கொண்டிருப்பார்.

ரசாயனத்தின் உண்மைப் பெயரை மறைத்தால், பதிலுக்கு ஒரு பொதுப்பெயர் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பெயர் பொருள் எந்த வகை என்று சொல்ல வேண்டும், ஆனால் காட்டிக்கொடுக்கக் கூடாது. பொன்னுசாமி குலதெய்வத்தின் பெயரை வைக்கச் சொன்னார். "அது ஆகாதுங்கண்ணா. சமைச்சது குழம்புன்னு சொல்லோணும், என்ன குழம்புன்னு சொல்லக்கூடாது" என்று கலைவாணி விளக்கினாள். அவர் புரிந்துகொண்டு உற்சாகமாகச் சொன்ன பெயர்கள் எல்லாம் ஒன்று முழு ரகசியத்தையும் போட்டு உடைத்தன, இல்லையென்றால் சோப்புத்தூளுக்கும் பொருந்தின. நாங்கள் ஒன்றை எழுதி அனுப்ப, இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள் என்று அங்கிருந்து திரும்பி வந்தது. விவரமாகச் சொன்னால் பொன்னுசாமி பதறினார். ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து, ஒரு வழியாக எல்லோருக்கும் ஒத்துவந்த பெயரைத் தட்டச்சு செய்தபோது பாவாயி அம்மாள் அன்று கொண்டுவந்த கூடைப்பூ அத்தனையையும் கட்டி முடித்திருந்தார். எழுந்து சேலையை உதறிக்கொண்டே சொன்னார்: "எம் பையனுக்குப் பேரு வெக்கறப்ப கோயில்ல பூப்போட்டுக் கேட்டமுங்க, சாமிகூட ஒரே வாட்டியில ஒத்துக்கிச்சுங்க!"

சம்பந்தி வீட்டு வீடியோ

அம்மாபேட்டை விஜயா அக்காவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முகம் மலர்ந்துவிடும். நூலுக்குப் போடும் கஞ்சியில் அவர் ஒரு பொருளைச் சேர்ப்பார். தறியில் நூல் அறுவது பாதியாகக் குறைந்துவிடும். மரவள்ளி மாவு எல்லோரும் போடுவதுதான். அந்த இன்னொரு பொருள்தான் ரகசியம். கணவர் இருந்தபோதே கம்பெனியின் மூளை அக்காதான். தலையில் துணி கட்டிக்கொண்டு கொப்பரை பக்கத்தில் நின்று விரலால் தொட்டுப் பதம் பார்க்கிறவர், எங்கள் அலுவலகத்துக்கு வரும்போது மட்டும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வருவார்.

ரகசியம் கோருகிறவர்களிடம் இணையதளம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, 'இதை ஏற்கெனவே எங்காவது வெளியிட்டிருக்கிறீர்களா?' என்பது. உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும், பொய் சொன்னால் குற்றம். "நான் பெத்த பொண்ணுக்கே சொல்லலை கண்ணு" என்றார் அக்கா. நாங்கள் வழக்கமாகச் செய்வதுபோலக் கம்பெனியின் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்தோம். ஒரு வீடியோ வந்தது. அக்காவின் மருமகன் எடுத்தது. பின்னணியில் நாதஸ்வரம். அக்கா மாலை போட்டுக்கொண்டு புது இயந்திரத்துக்குச் சூடம் காட்டுகிறார். அவருக்குப் பின்னால் வரிசையாகப் பீப்பாய்கள், ஒவ்வொன்றிலும் பளிச்சென்று லேபிள். கலைவாணி வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கினாள். ரகசியம் ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில், அக்காவின் கொண்டைக்கு மேலே நின்றது.

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நல்லவேளையாக, அந்தப் பொருளை எந்தச் சூட்டில், எந்த வரிசையில், எவ்வளவு சேர்ப்பது என்பது வீடியோவில் இல்லை. பெயருக்கு ரகசியம் கேட்பதை விட்டுவிட்டு, செய்முறைக்கும் அளவுக்கும் மட்டும் கேட்கலாம், வீடியோ இருந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடலாம் என்று எழுதினோம். அதை அங்கே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அன்றைக்கு வீடியோவின் கீழே இருந்த பார்வைகளின் எண்ணிக்கையைக் காட்டி, "இத்தனை பேர் பார்த்திருக்காங்களே அக்கா" என்று நான் தயங்கியபோது, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்ன பதில்: "அத்தனையும் எங்க சம்பந்தி வீட்டு ஆளுங்கதான் கண்ணு, அவங்க என் சேலையை மட்டும்தான் பார்த்திருப்பாங்க!"

ஒரே சோபா

கோழிப்பண்ணைக் கிருமிநாசினி தயாரிப்பதில் நாமக்கல் லோகநாதனும் புதுச்சத்திரம் சண்முகமும் பரம எதிரிகள். ஒரு காலத்தில் ஒன்றாகத் தொழில் செய்து பிரிந்தவர்கள். கல்யாண வீட்டில் ஒருவர் பந்தியில் இருந்தால் மற்றவர் கை கழுவாமல் அடுத்த பந்திக்குக் காத்திருப்பார். இரண்டு பேரும் எங்களிடம்தான் வந்தார்கள். ஒருவருக்கு மற்றவர் வருவது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதே எங்களுக்குப் பாதி வேலை.

எங்களைப் போல ஊமையாய் இருக்க வேண்டிய தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் புரியும். பிரிந்த பிறகு இருவரும் தனித்தனியாக உழைத்துத் தங்கள் மருந்தை மேம்படுத்தியிருந்தார்கள். லோகநாதன் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு என் காதில் ஒரு பெயரைச் சொன்னார். அடுத்த வாரம் சண்முகம் ஜன்னலையும் சேர்த்துச் சாத்தச் சொல்லிவிட்டுக் கலைவாணியிடம் ஒரு பெயரைச் சொன்னார். இரண்டும் ஒன்று. அளவில்கூடப் பெரிய வித்தியாசம் இல்லை. அன்று மாலை நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே பயந்தோம்.

பிறகு ஒரு நாள் பெருமழை. லோகநாதன் வேலை முடிந்தும் கிளம்ப முடியாமல் சோபாவில் இருந்தார். நனைந்துகொண்டே படியேறி வந்தவர் சண்முகம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில் நான் மாதாவைக் கூப்பிட்டேன். வேறு நாற்காலி கிடையாது. சண்முகம் சோபாவின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். மழை விடவில்லை. கலைவாணி தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு உறிஞ்சினார்கள். மழை கொஞ்சம் குறைந்ததும் லோகநாதன் எழுந்தார். போகிற போக்கில், "உங்க அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்குது?" என்று சண்முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "நடக்கறாங்க" என்றார் சண்முகம், அவரும் பார்க்காமலே. பிரிந்தபிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். செருப்பை மாட்டிக்கொண்ட லோகநாதன் என்னை வாசலுக்கு வெளியே அழைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நல்ல மனுசந்தானுங்க, ஆனா நம்ம சரக்குல என்ன இருக்குதுன்னு மட்டும் அவனுக்குத் தெரிஞ்சா நான் கம்பெனியை மூட வேண்டியதுதானுங்க!"

நாய்க்கு என்ன பேர்?

எல்லாவற்றையும் நிரப்பியபிறகு கம்பெனியின் பொறுப்பாளர்தான் மின்னணுக் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் போடக்கூடாது. கையெழுத்துக்கு முன்னால் இணையதளம் ஒரு சொந்தக் கேள்வி கேட்கும். பதிலை அவரவர்தான் பதிவு செய்து வைத்திருப்பார்கள். பொன்னுசாமியின் சரக்கு ஏற்றத் தயாராகத் தூத்துக்குடியில் நிற்கிறது. கேள்வி வந்தது: 'உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன?' பொன்னுசாமி திருதிருவென்று விழித்தார். அந்தக் கேள்வியை எப்போது தேர்ந்தெடுத்தோம் என்றே அவருக்கு நினைவில்லை. 'மணி' என்று அடித்தார், தவறு. இன்னும் இப்படியே போனால் கணக்கு பூட்டிக்கொள்ளும். திறக்க நாள்கணக்கில் ஆகும். கப்பல் அதுவரை நிற்காது.

அன்றைக்கென்று கூட வராத மனைவிக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். "ஏம் புள்ள, நம்ம மொதல்ல வளத்தமே, அந்த நாயிக்குப் பேரென்ன?" அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. பாவாயி அம்மாள், "எந்த நாயிங்க? காட்டுல கெடந்ததா?" என்றார். "ஆமா, அதுதான்." "அதுக்கு எங்க பேரு வெச்சோம்? வான்னா வரும், போன்னா போகும்." கலைவாணி மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள், சிரிப்பை மறைக்க. பொன்னுசாமி கண்ணை மூடி உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, ஒரே விரலால், ஆங்கில எழுத்தில் 'நாய்' என்று அடித்தார். கதவு திறந்துகொண்டது. நாங்கள் கைதட்டினோம். அவர் நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டு பெருமையாகப் பார்த்தார். "பாத்தீங்களா அம்மணி, ரகசியம்னா இப்பிடி இருக்கோணும், வெச்சவனுக்கே தெரியக்கூடாது!"

கறுப்புப் பட்டை

விஜயா அக்காவின் கணக்காளர் சுறுசுறுப்பானவர். அடுத்த விண்ணப்பத்தின்போது எங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று பொதுப்பிரதியை அவரே தயார் செய்து பென்டிரைவில் கொடுத்தனுப்பியிருந்தார். மறைக்க வேண்டிய இடத்திலெல்லாம் கறுப்புப் பட்டை. பார்க்க அழகாக இருந்தது. அக்காவும் வந்திருந்தார். "இதை அப்படியே அனுப்பிடலாமா கண்ணு?" என்றார்.

கலைவாணி பட்டையின் மேல் சுட்டியை இழுத்து, நகலெடுத்து, வெற்றுப் பக்கத்தில் ஒட்டினாள். பட்டைக்கு அடியில் இருந்த அத்தனையும், சூடு, வரிசை, அளவு எல்லாம், சமர்த்தாக வந்து உட்கார்ந்தன. அந்தப் பட்டை வெறும் மேல்பூச்சு. அனுப்பியிருந்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் உரித்துப் பார்த்திருக்கலாம். வாக்கியங்களை அடியோடு நீக்கிவிட்டுப் புதிதாகச் செய்தோம். எல்லாம் முடிந்து அனுப்பப் போகும்போது என் கண் கோப்பின் பெயரில் விழுந்தது. கணக்காளர் அடையாளத்துக்காக, கொதிக்கவைக்கும் சூட்டையே பெயராக வைத்திருந்தார். அதையும் மாற்றினோம். அக்கா வாயில் கைவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். "பெரியவ வயித்துல இருந்தப்ப மாமியாருக்குத் தெரியாம நான் மாங்காய் ஒளிச்சு வெச்சதே இதைவிட நல்லா இருந்துச்சு கண்ணு!"

சரசுவின் கண்

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. கலைவாணி ஊரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்த நாள். மதியம் அலுவலகப் போன் அடித்தது. சேலத்தில் ஒரு மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டர். பொன்னுசாமியின் கம்பெனியில் வேலை செய்கிற சரசு என்ற பெண்ணுக்குக் கண்ணில் திரவம் தெறித்துவிட்டது, கூட வந்தவர்கள் அந்தச் சரக்கோடு வைக்கிற பாதுகாப்புத் தாளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். "கண்ணைக் கழுவிட்டிருக்கோம். ஆனா இதுல முக்கியமான பொருள் இருக்கிற இடத்துல 'வணிக ரகசியம்'னு போட்டு, கீழே உங்க நம்பர் இருக்கு. அது என்னன்னு எனக்கு இப்பவே தெரியணும்" என்றார். பின்னால் ஒரு பெண் அலறும் சத்தம் கேட்டது.

'வணிக ரகசியம்' என்ற அந்த இரண்டு சொல்லை அந்தத் தாளில் போட்டது நான்தான். போடுவதற்கு முறைப்படி உரிமை வாங்கியதும் நாங்கள்தான். பொன்னுசாமிக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. பாவாயி அம்மாளுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. வைத்தியம் பார்க்கிற டாக்டர் அவசரத்துக்குக் கேட்டால் சொல்லிவிடலாம் என்று விதியிலேயே இருக்கிறது, அது எனக்கு மனப்பாடம். இருந்தாலும் இத்தனை வருடத்தில் ஒரு பெயரைக்கூட வாய்விட்டு வெளியே சொன்னதில்லை. டாக்டருக்குத் திரும்ப அடித்து, பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். எவ்வளவு கலந்திருக்கிறது என்பதையும் சொன்னேன். அவர் நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

ஆட்டோ பிடித்து நானும் ஓடினேன். சாயங்காலம் பொன்னுசாமி வந்துசேர்ந்தார், காடு மேடெல்லாம் அலைந்த புழுதியோடு. "உங்களைக் கேக்காம டாக்டர்கிட்டப் பேரைச் சொல்லிட்டேங்க" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "சரசுக்குக் கண்ணு தெரியுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். தெரிந்தது. சில வாரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தாள், பிறகு வேலைக்கே திரும்பினாள். அதன்பிறகு ஒரு முறை அந்தக் கம்பெனிக்குப் போனேன். உள்ளே இருந்த ஒவ்வொரு பீப்பாயிலும் பொருளின் முழுப்பெயர், கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது, எல்லாம் தமிழில், பெயின்டில், முழங்கை நீள எழுத்தில் எழுதியிருந்தது. நான் படித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பொன்னுசாமி பக்கத்தில் வந்தார். "ரகசியமெல்லாம் ஊருக்குத்தானுங்க அம்மணி, ஊட்டுக்குள்ள எதுக்குங்க?"

ஓட்டை

ஒரு வருடம் கலைவாணி அடிக்கடி போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போக ஆரம்பித்தாள். திரும்பி வரும்போது, "ஊட்டுல இருந்துதான்" என்பாள். அவளுடைய மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று நானே முடிவு செய்துகொண்டு எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் என் மேசைக்கு எதிரே வந்து நின்றாள். நெதர்லாந்தில் ஒரு கம்பெனியில் இதே வேலை. நியமன உத்தரவு வந்துவிட்டது, மகளுக்குப் பள்ளிக்கூடமும் பார்த்தாகிவிட்டது. எல்லாம் முடிந்தபிறகுதான் எனக்குச் சொன்னாள். ஊரெல்லாம் எங்களிடம் ரகசியம் சொன்னது, ஆனால் எங்களுக்குள்ளேயே ஒன்று இருந்தது எனக்குத் தெரியவில்லை. கோபத்தில் நான் பல நாள் வேலை சம்பந்தமாக மட்டுமே பேசினேன். அவளும் பதிலுக்கு வேலை சம்பந்தமாக மட்டுமே பேசினாள். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அலுவலகத்தை மூடுவதென்று ஆனது. சோபாவை விஜயா அக்கா எடுத்துக்கொண்டார். மாதா என்னோடும் பிள்ளையார் அவளோடும் கிளம்பினார்கள். கணினிகளை மட்டும் அப்படியே யாருக்கும் கொடுக்க முடியாது. அழித்தாலும் உள்ளே ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். ஹார்ட் டிஸ்க்குகளை உடைத்துத்தான் ஆக வேண்டும். பொன்னுசாமியிடம் சொன்னோம். "நம்ம பட்டறைக்கு வாங்க அம்மணி, ஓட்டை போடறதுதானுங்களே நம்ம தொழிலு" என்றார். ரிக் வண்டிகள் நிற்கிற அந்தப் பட்டறையில் டிரில்லிங் மிஷினுக்கு அடியில் ஒவ்வொரு டிஸ்க்காக வைத்தார்கள். நாங்கள் இருவரும் கண்ணுக்குப் பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றோம். லோகநாதனும் சண்முகமும் ஒரே டிஸ்க்கில் இருந்தார்கள், ஒரே துளையில் போனார்கள். விஜயா அக்காவின் கஞ்சி, பொன்னுசாமியின் நுரை, இத்தனை வருடம் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து தட்டச்சு செய்தது எல்லாம் வெள்ளித் துகளாகச் சுருண்டு சுருண்டு தரையில் விழுந்தது.

கடைசி டிஸ்க்கும் ஆனபிறகு மிஷினை நிறுத்தினார்கள். நான் கண்ணாடியைக் கழற்றாமல் நின்றேன், கழற்றினால் தெரிந்துவிடும். கலைவாணி அவளாகவே வந்து என் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "ஏன்டி எங்கிட்டச் சொல்லலை?" என்றேன், அத்தனை நாள் கேட்காததை. அவள் குரலும் உடைந்துதான் வந்தது: "முன்னாடியே சொல்லியிருந்தா நீ அழுதிருப்ப ஸ்டெல்லா, நீ அழுதா நான் போயிருக்க மாட்டன்."

இப்போது வீட்டிலிருந்தபடி தனியாக அதே வேலையைத்தான் செய்கிறேன், எதிரே பேச ஆளே இல்லாததால் ஒரு ரகசியமும் வெளியே போவதில்லை.